வாசகர் கேள்வி – பதில்: உறைபனிக் காட்டில் முதல் இரவு

அரையாண்டு விடுமுறையில் விளையாடத்தக்க கணினி விளையாட்டு எது என்று சென்ற இதழில் ஒருவர் கேட்டதற்கு, 'தி லாங் டார்க்' என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தோம். அதை வாங்கி விளையாடியவர்கள் எழுதிய கடிதங்கள் குவிந்துவிட்டதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். விளையாடாதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம்: கனடாவின் வான்கூவர் தீவைச் சேர்ந்த ஹின்டர்லேண்ட் ஸ்டூடியோ, 2013இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 2014 செப்டம்பரில் முன்னோட்ட வடிவிலும் 2017 ஆகஸ்ட் 1 அன்று முழு வடிவிலும் இதனை வெளியிட்டது. கனடாவின் வடபகுதியில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட கிரேட் பேர் தீவில், புவிகாந்தப் பேரிடர் ஒன்றால் மின்கருவிகள் எல்லாம் செயலிழந்துபோன பிறகு, தனியாக மாட்டிக்கொண்ட ஒருவர் எத்தனை நாள் உயிரோடு இருக்க முடியும் என்பதுதான் ஆட்டம். நடைப்பிணங்களோ வேற்றுக்கிரக வாசிகளோ இதில் கிடையாது.

ஒவ்வொரு முறையும் முதல் இரவைத் தாண்டுவதற்குள் இறந்துபோகிறேன். இத்தனைக்கும் பையில் உணவு இருக்கிறது, தீப்பெட்டியும் இருக்கிறது. ஓநாய்கூடக் கண்ணில் படவில்லை. எங்கே பிசகுகிறது?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

நீங்கள் எழுதியிருக்கும் விவரத்திலேயே விடை இருக்கிறது. ஏரிக்கரை முகாம் அலுவலகத்தை நண்பகலில் சோதித்து முடித்துவிட்டு, 'இன்னும் வெளிச்சம் இருக்கிறதே' என்று அடுத்த குடிசையைத் தேடிப் புறப்பட்டதாகவும், வழியில் காற்று எழும்பியதாகவும் சொல்கிறீர்கள். உங்களைக் கொன்றது காற்றுமல்ல, இருட்டுமல்ல. புறப்படலாம் என்று எடுத்த அந்த முடிவுதான்.

இந்த விளையாட்டு உடலின் தேவைகளை நான்காகப் பிரித்துத் திரையில் காட்டுகிறது: வெப்பம், களைப்பு, தாகம், பசி. புதிதாக விளையாடுபவர்கள் நான்கையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கக் கூடாது. பசி ஆளைக் கொல்ல நாள்கணக்கில் ஆகும். தாகம் அதைவிட வேகமாகக் கொல்லும். ஆனால் வெப்பத்தின் அளவு காலியாகிவிட்டால் உடல்நிலை சதவீதம் மணிக்கணக்கில் அல்ல, கண்ணெதிரே நிமிடக்கணக்கில் கரையும். விளையாட்டின் ஒரு முழு நாள் நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 2 மணி நேரம்தான் என்பதால், 'சற்று நேரம் நடந்து பார்ப்போம்' என்று நாம் நினைக்கும் பத்து நிமிடம், அங்கே 2 மணி நேரமாகிவிடுகிறது. கையில் பத்து டப்பா பீச் பழம் இருந்தும் உறைந்து சாவது இப்படித்தான்.

ஆகவே முதல் நாளில் இலக்கு ஒன்றே ஒன்றுதான்: கதவுள்ள ஒரு கூரைக்குள் இருட்டுவதற்கு முன் நுழைந்து, அங்கேயே இருந்துவிடுவது. மிஸ்டரி லேக் பகுதியில் தொடங்கினால் அந்த முகாம் அலுவலகமே போதுமானது. அடுப்பு இருக்கிறது, படுக்கை இருக்கிறது, உறைந்த ஏரியின் மேல் மீன்பிடிக் குடிசைகள் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. மிச்சமுள்ள பகற்பொழுதை அடுத்த வீட்டைத் தேடுவதற்குச் செலவிடாமல், அலுவலகத்தைச் சுற்றிக் கிடக்கும் சுள்ளிகளைப் பொறுக்குவதற்குச் செலவிடுங்கள். வெளியே போகும்போதெல்லாம் திரையில் தெரியும் வெப்பநிலையைப் பார்க்காமல், காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட 'உணரப்படும் வெப்பநிலை'யைப் பாருங்கள். பாறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்து காற்றுக்கு மறைவாக நின்றாலே அந்த எண் பல டிகிரி ஏறுவதைக் காணலாம். இதைக் கவனிக்கப் பழகியவர்கள் முதல் வாரத்தில் சாவதில்லை.

தீக்குச்சிகள் மிக விரைவில் தீர்ந்துவிடுகின்றன. சிக்கனமாக இருக்க என்ன வழி?
– வாசகர், ஈரோடு

தீக்குச்சி என்பது இந்த விளையாட்டில் ரூபாய் நோட்டு மாதிரி. செலவழித்தால் திரும்ப வராது. ஆனால் ஒரு தீயை எரியவிட்டுக்கொண்டு, அதிலிருந்தே அடுத்த தீயை உண்டாக்கிக்கொள்ளும் வழி இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எரிந்துகொண்டிருக்கும் அடுப்பிலிருந்து ஒரு தீப்பந்தத்தை உருவி எடுக்கலாம். அந்தப் பந்தத்தை ஏந்தி நடந்துபோய், அது அணைவதற்குள் அடுத்த குகையில் விறகடுக்கிப் பற்றவைத்துவிட்டால், ஒரு குச்சிகூடச் செலவாகாது. வழியில் ஓநாய் எதிர்ப்பட்டால் அதே பந்தம் காவலாகவும் நிற்கும். பலத்த காற்று மட்டும் அதை அணைத்துவிடும் என்பதால், புறப்படுவதற்கு முன் வானத்தைப் பாருங்கள்.

இரண்டாவது வழி பூதக்கண்ணாடி. மேகமில்லாத பகலில், திறந்த வெளியில், வெயிலைக் குவித்து நெருப்பு மூட்டலாம். அதற்குத் தேய்மானமே இல்லை. தெளிந்த நாளில் வெளியே தீ மூட்டி, ஒரு பந்தத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, அடுப்பைப் பற்றவைப்பது அனுபவப்பட்டவர்களின் வழக்கம்.

மூன்றாவதாக, தீ மூட்டியபின் அதை என்ன செய்கிறோம் என்பது. ஒரு குச்சியைக் கிழித்து, குளிர்காய்ந்து, அணையவிட்டுப் படுத்துவிடுவது பெரும் ஊதாரித்தனம். தீ எரியும் நேரம் முழுவதும் ஏதாவது ஒன்று அடுப்பின் மேல் இருக்க வேண்டும்: முதலில் பனியை உருக்குவது, பிறகு உருகிய நீரைக் கொதிக்கவைப்பது, பிறகு இறைச்சி வேகவைப்பது, ஈரமான துணிகளை அருகில் காயப்போடுவது, காட்டு ரோஜாக் காய்களைத் தேநீராக்கி வைப்பது. ஆறிய சாம்பலிலிருந்து கரித்துண்டை எடுத்துக்கொள்ளவும் மறக்காதீர்கள். சுற்றுப்புறத்தை வரைபடமாகத் தீட்ட அந்தக் கரிதான் பயன்படுகிறது. நிலக்கரி கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். தீ நன்றாகப் பிடித்த பிறகே அதைச் சேர்க்க முடியும் என்றாலும், விறகைவிட அதிகச் சூடு தருவது அதுதான்.

ஓநாயைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. ஓடுவதா, நிற்பதா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

ஓடாதீர்கள். ஓநாய் உங்களைவிட வேகமானது. பையில் பச்சை இறைச்சியோ குடலோ இருந்தால் அதன் வாடை தொலைவில் உள்ள ஓநாயையும் இழுத்துவரும். திரையில் வாடைக்கான குறி தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால், ஒரு துண்டு இறைச்சியைக் கீழே போட்டுவிட்டு மெல்லப் பின்வாங்குவது நல்லது. பெரும்பாலும் அது இறைச்சிக்குத்தான் போகும். எரியும் பந்தம் கையில் இருந்தால் அதை உயர்த்திப் பிடித்தபடி, முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கி நடக்கலாம். கடிபட்டுப் பிழைத்தவர்கள் இரத்தப்போக்கை நிறுத்தியதோடு காரியம் முடிந்ததாக நினைக்கிறார்கள்; காயத்துக்குக் கிருமிநாசினி போடாவிட்டால் தொற்று வரும். மருந்துக்கடைப் புட்டி இல்லையென்றால், மரக்கிளைகளில் தாடிபோல் தொங்கும் பாசியைச் சேகரித்துக் கட்டலாம்.

உங்கள் வயதுக்கு இன்னொரு யோசனையும் சொல்வேன். 'பில்கிரிம்' என்ற எளிய நிலையில், நீங்கள் சீண்டாதவரை விலங்குகள் தாக்குவதில்லை. அதில் சில நாள் சுற்றி நிலப்பரப்பைப் பழகிக்கொண்டு, பிறகு கடினமான நிலைக்குப் போகலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சுற்றிலும் பனி கொட்டிக் கிடக்க, தண்ணீருக்காகத் தீ மூட்டச் சொல்வது அபத்தமாக இல்லையா? ஒரு கைப்பிடி பனியை அள்ளித் தின்றால் என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுக்கோட்டை

அபத்தம் இல்லை ஐயா. இயற்பியல் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் எழுதிய விதி அது. பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனியைப் பூச்சியம் டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 5 கிலோ கலோரியும், அதை உருக்க 80 கிலோ கலோரியும், உருகிய நீரை உடற்சூட்டுக்கு உயர்த்த 37 கிலோ கலோரியும் தேவை. ஆக, ஒரு லிட்டர் நீருக்கு 120 கிலோ கலோரிக்கு மேல் உங்கள் உடலே தர வேண்டியிருக்கும். நடுங்கிக்கொண்டிருக்கும் மனிதன் அந்தச் சூட்டைத் தன் வயிற்றிலிருந்து கொடுப்பதைவிட விறகிலிருந்து கொடுப்பதுதானே அறிவுடைமை? வட கனடாவில் பயணம் செய்வோருக்கும் இதே அறிவுரைதான் சொல்லப்படுகிறது.

கரடி இறைச்சியை நன்றாக வேகவைத்துத் தின்ற பிறகும் குடற்புழு வந்துவிட்டது. உண்மையில் அப்படி நடக்குமா?
– வாசகர், மதுரை

உண்மையில் நடக்காது. கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லா என்ற புழு இருப்பது மெய்தான். வடதுருவப் பகுதியில் காணப்படும் அதன் ஒரு வகை, இறைச்சியை உறையவைத்தாலும் சாகாது என்பதும் மெய்தான். ஆனால் உள்வரை முழுமையாக வெந்தால் அது செத்துவிடும். விளையாட்டில் வேகவைத்த கரடி, ஓநாய் இறைச்சிக்கும் புழு அபாயத்தை ஏன் வைத்தார்கள் என்றால், ஒரு கரடியைக் கொன்றுவிட்டு மாதக்கணக்கில் கவலையின்றி உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். சமையல் திறன் ஐந்தாம் படியை எட்டியபின் இந்த அபாயம் நீங்கிவிடும். அதுவரை மானையும் முயலையும் மீனையும் நம்பியிருங்கள். ஏரி ஓரங்களில் நிற்கும் சம்பங்கோரையின் தண்டையும் விட்டுவிடாதீர்கள். எடை மிகக் குறைவு, கெட்டுப்போகாது, சமைக்க வேண்டாம், ஒன்றுக்கு 150 கலோரி கிடைக்கும். அதன் பஞ்சுக் கதிர் தீ மூட்டவும் உதவும்.

பகல் முழுவதும் பட்டினி கிடந்து, படுக்கும் முன் மட்டும் கொஞ்சம் சாப்பிட்டால் உணவு பல மடங்கு மிச்சமாகிறது. இது ஏமாற்றா, உத்தியா?
– மென்பொருள் ஊழியர், சென்னை

நெடுங்காலமாக நடக்கும் வழக்கு இது. பட்டினியால் குறையும் உடல்நிலை, நல்ல தூக்கத்தில் திரும்பிவிடுகிறது என்ற ஓட்டையைத்தான் நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். உருவாக்கியவர்களுக்கும் இது தெரிந்துவிட்டதால், தண்டனை கொடுப்பதற்குப் பதிலாகச் சலுகை ஒன்றைச் சேர்த்தார்கள்: தொடர்ந்து மூன்று நாள் பட்டினி கிடக்காதவருக்கு உடல்நிலையின் உச்சவரம்பு கூடுவதோடு, வழக்கமாகச் சுமக்கக்கூடிய 30 கிலோவுடன் மேலும் 5 கிலோ சுமக்கும் வலுவும் கிடைக்கும். அந்த 5 கிலோ சிறிய விஷயமல்ல. சுமை வரம்பை மீறினால் நடை தளர்ந்து, சரிவுகளில் கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடும். களைத்துப்போனாலோ சுமக்கும் வரம்பே சுருங்கிவிடும். என் கருத்தைக் கேட்டால், உணவு அருகிப்போன நிலையில் உங்கள் வழி உத்தி. அலமாரி நிறைய உணவை வைத்துக்கொண்டு அதைச் செய்வது கருமித்தனம்.

கனடாவில் பத்துப் பனிக்காலங்களைப் பார்த்துவிட்டேன். இந்த விளையாட்டின் குளிர் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது?
– வாசகர், டொராண்டோ

காற்றுக் குளிர்ச்சியைப் பொறுத்தவரை நன்றாகவே நம்பலாம். கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் கணக்கின்படி, பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசினால், தோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே 30 டிகிரிபோல் இருக்கும். அந்த நிலையில் மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். இது உங்கள் ஊர் வானிலை அறிக்கையில் நீங்கள் அன்றாடம் பார்ப்பதுதான். விளையாட்டிலும் மூடாமல் விட்ட கையும் தலையும்தான் முதலில் பனிக்கடிக்கு ஆளாகின்றன. அது முற்றிவிட்டால் உடல்நிலையின் உச்சவரம்பு நிரந்தரமாகக் குறைந்துவிடுகிறது. மேலாடை காற்றைத் தடுக்க, உள்ளாடை சூட்டைக் காக்க என்று அடுக்கடுக்காக உடுத்துவதும், ஈரமான துணி வெளியே விறைத்துப்போவதும் உண்மைக்கு நெருக்கமானவை.

குளிரில் மனிதனுக்கு என்ன ஆகிறது என்ற இடத்தில்தான் விளையாட்டு சலுகை காட்டிவிடுகிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உடற்குளிர்வு தொடங்குகிறது. ஆனால் அதற்கு முன்பே விரல்கள் மரத்துப்போய், ஒரு தீக்குச்சியைப் பெட்டியிலிருந்து எடுப்பதே பெரும்பாடாகிவிடும். எடுத்த குச்சி பனியில் விழும். விழுந்ததை எடுக்க விரல்கள் மடங்காது. விளையாட்டிலோ, சாகும் தறுவாயில் இருப்பவரும் நலமாக இருப்பவரும் ஏறக்குறைய ஒரே லாகவத்தோடு தீ மூட்டுகிறார்கள். வெப்பம் மேலும் இறங்கி 32 டிகிரியைத் தாண்டும்போது நடுக்கம் நின்றுவிடுகிறது, புத்தி பேதலிக்கிறது. சிலர் உடல் எரிவதுபோல் உணர்ந்து, இருக்கும் ஆடைகளையும் களைந்து எறிந்துவிடுகிறார்கள். அப்படி ஆடையின்றிக் கண்டெடுக்கப்பட்ட உடல்களைப் பற்றி மருத்துவ நூல்களில் பதிவுகள் உண்டு. விளையாட்டில் புத்தி பேதலிப்பது கிடையாது. விளையாடுபவரின் தெளிந்த மூளைதான் சாகும் உடலையும் கடைசிவரை நடத்துகிறது. அதனால்தான் அங்கே கடைசி நேரத்திலும் தப்ப முடிகிறது. உங்கள் ஊர்க் காட்டில் அப்படி நம்பிவிட முடியாது.

ஓநாய் விஷயத்தில் நேர்மாறு. வட அமெரிக்காவில் ஓநாய் மனிதரைக் கொன்ற நிகழ்வுகள் மிக அரிதானவை. இயல்பான ஓநாய் மனித வாடை பட்டாலே விலகிப்போகும். கிரேட் பேர் தீவின் ஓநாய்கள் ஆட்டத்தின் தேவைக்காக மூர்க்கமாக்கப்பட்டவை.

என் மகன் இரவில் நெடுநேரம் இதை விளையாடுகிறான். துப்பாக்கியும் இரத்தமும் இருக்கிறதா? அவனைத் தடுக்க வேண்டுமா?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

துப்பாக்கி இருக்கிறது அம்மா. ஆனால் அது மானையோ கரடியையோ நோக்கி, அதுவும் தோட்டாக்களை எண்ணி எண்ணிச் சுடுவதற்கு. வேட்டையாடிய விலங்கை அறுப்பதும் உண்டு. மனிதனை மனிதன் சுட்டுத்தள்ளும் ஆட்டம் அல்ல. பெரும்பாலான நேரம் நடப்பது, விறகு பொறுக்குவது, துணி தைப்பது, தண்ணீர் காய்ச்சுவது, வானிலை தெளியும்வரை காத்திருப்பது ஆகியவைதான். விளையாட்டைத் தடுப்பதைவிட நேரத்தை வரையறுப்பது எளிது. வீட்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் தூங்கி எழும்போதும் ஆட்டம் தானாகவே சேமிக்கப்பட்டுவிடும். ஆகவே 'இப்போது நிறுத்த முடியாது' என்று அவன் சொன்னால், 'ஒரு வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டு வா' என்று நீங்கள் சொல்லலாம்.

நாற்பது நாள் கஷ்டப்பட்டு உயிர் வாழ்ந்தேன். ஏரியில் மெல்லிய பனிக்கட்டி உடைந்து விழுந்து செத்ததும் மொத்த சேமிப்பும் அழிந்துவிட்டது. இது அநியாயம் இல்லையா?
– வாசகர், திருச்சி

உங்கள் ஆத்திரம் புரிகிறது. ஆயினும் சேமிப்பு அழியாமல் இருந்திருந்தால், அந்த ஏரியைக் கடக்கும்போது பனிக்கட்டி விரிசல்விடும் ஓசைக்கு நீங்கள் செவிகொடுத்திருக்கவே மாட்டீர்கள். உயிர்வாழும் பிரிவில் சாவு நிரந்தரம் என்பதால்தான் ஒரு தீக்குச்சிக்கும் இவ்வளவு மதிப்பு. இழப்பைத் தாங்க முடியாதவர்களுக்கு, வில் மெக்கென்சி என்ற விமானியும் ஆஸ்ட்ரிட் கிரீன்வுட் என்ற மருத்துவரும் வரும் 'வின்டர்மியூட்' கதைப்பிரிவு இருக்கிறது. அதில் செத்தால் விட்ட இடத்தருகே மீண்டும் தொடங்கலாம்.

புவிகாந்தப் புயலால் மின்சாரம் போகும் என்பது வெறும் கதையா?
– வாசகர், நாகர்கோவில்

முற்றிலும் கதையல்ல. 1989 மார்ச் 13 அன்று சூரியனிலிருந்து வந்த புயலால் கனடாவின் கியூபெக் மாகாண மின்தொகுப்பு ஏறக்குறைய 90 வினாடிகளில் சரிந்து, சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள். விளையாட்டில் துருவ ஒளி தோன்றும் இரவில் செத்த விளக்குகள் தாமாக எரிவதும், ஓநாய்கள் வெறிகொள்வதும்தான் கற்பனை.

'இன்டர்லோப்பர்' என்ற மிகக் கடினமான நிலையில் தொடங்கியிருக்கிறேன். கத்தி, கோடரி, துப்பாக்கி எதுவுமே கிடைக்கவில்லை. தேடிக்கொண்டே இருக்கலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

தேடுவதை உடனே நிறுத்துங்கள். அந்த நிலையில் அவை எங்குமே வைக்கப்படவில்லை. கத்தியும் கோடரியும் அம்பு முனைகளும் நீங்களே உலையில் அடித்துச் செய்துகொள்ள வேண்டியவை. அதற்குக் கனத்த சம்மட்டி ஒன்றும், பழைய இரும்புத் துண்டுகளும், நிலக்கரியும் வேண்டும்; உலையின் சூடு 150 டிகிரியை எட்ட வேண்டும் என்பதால் வெறும் விறகை நம்ப முடியாது. உலை உள்ள இடங்களில், டெசலேஷன் பாயின்ட் கரையில் தரைதட்டி நிற்கும் ரிக்கன் கப்பலும், ஃபோர்லார்ன் மஸ்கெக் சதுப்பில் உள்ள ஸ்பென்ஸ் குடும்பத்தின் பண்ணையும் குறிப்பிடத்தக்கவை. சதுப்பில் மெல்லிய பனிக்கட்டி பரவலாக உண்டு. காற்றுக்கு மறைவும் குறைவு.

நாள் ஆக ஆக அந்த உலகின் குளிர் கூடிக்கொண்டே போகும் என்பதால், உலைப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தீக்குச்சி, படுக்கைச்சுருள், இரும்பறுக்கும் ரம்பம், சம்மட்டி ஆகியவை சேர்ந்தவுடன் கிளம்பிவிடுங்கள். மேப்பிள் மரக்கன்றையும் விலங்கின் குடலையும் போகும் முன்பே வீட்டுக்குள் உலரப் போட்டுவிட்டுச் சென்றால், அம்பு முனைகளோடு திரும்பும்போது வில்லுக்கான பொருள்கள் தயாராக இருக்கும். நிலக்கரியைக் குகைகளிலும் சுரங்கங்களிலும் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஆனால் எடை மிகுந்தது, ஒரே நடையில் முழுவதையும் தூக்கிவிட ஆசைப்பட வேண்டாம்.